நாகஸ்வரத்துக்கும் பாகவத மேளாவுக்கும் அரசாங்கம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க மறந்துவிட்டது?

வாசகர் கேள்வி, மே 4

ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஓபரா அரங்கம் கட்டி, பாடுகிறவர்களுக்கு அரசாங்கமே மாதச் சம்பளம் கொடுக்கிறதாம். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மெலட்டூர் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்துக்கும் கோயில் நாகஸ்வரத்துக்கும் ஒன்றும் கிடையாது. காவிரிக்கரையில் வளர்ந்த கலைக்கு இதுதான் கதியா? ராஜா காலமே தேவலை என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

ஒன்றும் கிடையாது என்று சொன்னால் எதிராளி சுலபமாக மடக்கிவிடுவான். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாநிலம் முழுக்க 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். சீர்காழியிலும் திருவாரூரிலும் ஒவ்வொன்று. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் மத்திய அரசின் தென்னகப் பண்பாட்டு மையம் 1986இலிருந்து நடக்கிறது. சென்னையில் இயல் இசை நாடக மன்றம், கலைமாமணி. 2007இல் ஆரம்பித்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். நலிந்த கலைஞர் என்று சான்று வாங்கினால் மாதம் ரூ.3,000.

இத்தனை இருந்தும் கோயில் வாசலில் தவில்காரர் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதுதான் கேள்வி.

மே 5

ராஜா காலம் தேவலை என்றால் கணக்கைப் பார்த்துவிடுவோம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டிவைத்த கல்வெட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. திருப்பதிகம், அதாவது தேவாரம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நாலு நாளைக்கு ஒரு கலம், வருடத்துக்கு 90 கலத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதைத் தவிர 400 தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலில் ஆடுகிற பெண்கள். ஒவ்வொருத்திக்கும் வீடு, வருடத்துக்கு 100 கலம். எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், பெயர் என்ன, தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. இன்றைய பயனாளி பட்டியல் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

சோழன் மரக்காலும் நம் மரக்காலும் ஒன்றா என்ற சண்டை வேண்டாம். தஞ்சாவூர் வழக்கப்படி இரண்டு கலம் ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டால், பதிகம் பாடினவருக்கு வருடம் 45 மூட்டை. இன்றைக்கு நெல் கொள்முதல் விலை குவிண்டால் சுமார் ரூ.2,500. மாதம் ரூ.3,000 என்றால் 120 கிலோ, இரண்டு மூட்டை. வருடத்துக்கு 24. சோழன் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறோம்.

மே 5, இரவு

திருவாரூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: அது சம்பளம், இது முதியோர் உதவி, இரண்டையும் எப்படிச் சேர்த்து நிறுத்துவது என்று. நியாயம்தான். ஆனால் அந்த வித்தியாசத்தைத்தான் நான் காட்ட வந்தேன். அன்றைக்குப் பாடுகிறவனுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பாடி ஓய்ந்து, நலிந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு கொடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் நாற்பது வருடத்துக்கு அவன் என்ன செய்வான் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மே 7

அதே கல்வெட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. தளிச்சேரிப் பெண்டுகளோடு நட்டுவம் செய்வோர், வீணை வாசிப்போர், சங்கு ஊதுவோர் வருகிறார்கள், சரி. அப்புறம் தையல்காரன் வருகிறான். தச்சன், கன்னான், நாவிதன், துணி வெளுக்கிற ஈரங்கொல்லி, கணக்கு எழுதுகிறவன் என்று பட்டியல் நீள்கிறது. எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆட்டத்துக்குப் பின்னால் யார் யார் உழைக்க வேண்டும் என்று தெரிந்தவன் போட்ட பட்டியல் அது.

ஜெர்மனியைக் கேட்டீர்களே. அங்கே எண்பதுக்கு மேல் ஓபரா அரங்குகள், பெரும்பாலும் மாநிலமும் நகராட்சியும் கொடுக்கிற பணத்தில் ஓடுகின்றன. பாடகருக்கு மட்டுமா சம்பளம்? வாத்தியக் குழு, அரங்கத் தச்சர், தையற்காரர், சவுரி முடி செய்கிறவர், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். ராஜராஜன் செய்ததற்கு அது கிட்டத்தில் வருகிறது. நாம் செய்வது கிட்டத்தில் வரவில்லை.

மே 8

இன்னொன்றும் கல்லில் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த முறைக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஆளை வைத்துச் செய்வித்து நெல் பெற வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதின பணி விதி. இதில் உள்ள சாமர்த்தியத்தைப் பாருங்கள்: குடும்பத்தைக் கைவிடவில்லை, அபஸ்வரத்தையும் பொறுத்துக்கொள்ளவில்லை.

மே 8, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதினதைப் படித்துப் பார்த்தால் நானே சோழனுக்கு மெய்க்கீர்த்தி பாடுகிற மாதிரி இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் பிறப்பால் வந்த கட்டும் உண்டு. அந்த நானூறு பெண்களில் எத்தனை பேர் விரும்பி தஞ்சாவூருக்கு வந்தார்கள் என்று கல்வெட்டு சொல்லாது. பிற்காலத்தில் அந்த முறை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். 1929இல் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த திருத்தம் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதையே சட்டம் தடுத்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் கையில் நிற்கும் என்று அரசாங்கம் சொன்னது அவர்களுக்குப் பெரிய விடுதலை. கலைக்கு அரசாங்கம் கொடுத்த உதவிகளில் இதையும் சேர்ப்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மே 11

மெலட்டூரைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நரசிம்ம ஜெயந்தி சமயம், கேட்பது இயல்புதான்.

அந்த ஊரே ஒரு மானியம். அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடு, கிணறு, நிலம் என்று கொடுத்து உட்கார வைத்த ஊர் என்பது ஊர் வரலாறு. அச்சுதபுரம் என்றும் உன்னதபுரி என்றும் பழைய பெயர். பிற்பாடு வேங்கடராம சாஸ்திரி அங்கே இருந்துகொண்டு பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரன் என்று தெலுங்கில் எழுதினார். சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர் எல்லாவற்றிலும் இந்த ஆட்டம் இருந்தது. பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். நரசிம்மர் முகத்தைப் பூஜையில் வைத்திருப்பார்கள், கட்டுகிறவர் விரதம் இருப்பார்.

இன்றைக்கு ஆடுகிறவர்களில் பலர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டுவிட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு விழா நிதி என்று கொடுத்தால் பந்தலுக்கும் விளக்குக்கும் ஆகும். ஒத்திகைக்கு லீவு யார் கொடுப்பது?

மே 12

"தெலுங்கு நாடகத்துக்குத் தமிழ்நாட்டு வரிப்பணம் எதற்கு?"

எதிர்பார்த்தேன், எட்டு நாள் தாமதமாக வந்திருக்கிறது. மராட்டிய ராஜா ஷாஜி திருவாரூர் தியாகேசர் மேல் தெலுங்கில் பல்லக்கி சேவா பிரபந்தம் எழுதினார். தமிழில் அருணாசலக் கவிராயர் சீர்காழியிலிருந்து இராம நாடகக் கீர்த்தனையைக் கொடுத்தார். சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தமிழில் வந்தது, பெரிய கோயிலில் ஆடினார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அச்சேறியதில் காரைக்கால் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவி இருந்தது. மராட்டியன் தெலுங்கில் எழுதுகிறான், பிரெஞ்சுக்காரன் தமிழை அச்சுப் போடுகிறான். இந்த மண்ணின் ஜாதகமே அப்படி. மொழி பார்த்துக் காசு பிரித்தால் எந்தக் கட்டில் எதை வைப்பீர்கள்?

தமிழுக்கென்று தனியாகப் பாடுபட்டவர்களும் இங்கேதான். ஆபிரகாம் பண்டிதர் 1912இலிருந்து சொந்தச் செலவில் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் கூட்டினார். மருந்து விற்ற காசு. 1917இல் கருணாமிர்த சாகரத்தைச் சொந்த அச்சகத்தில் போட்டார். எந்த அரசாங்கத்தையும் எதிர்பார்க்கவில்லை.

மே 13

பாகவத மேளாவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறப்பது தமிழ் இரணிய நாடகத்தை. அதே பிரகலாதன், அதே தூண். நார்த்தேவன்குடிக்காடு மாதிரி ஊர்களில் குடியானவர்களே கட்டி ஆடுவார்கள். எங்கள் ஊரிலும் உண்டு, கணக்குப் பிள்ளை வேலை என் தலையில்.

எங்களுக்கு எந்த நாயக்கரும் கிணறு வெட்டித் தரவில்லை. தலைக்கட்டு வரிதான். குறுவை நன்றாக விளைந்தால் ஆர்மோனியக்காரர் பெரிய ஆளாக வருவார். மேட்டூர் ஏமாற்றினால் உள்ளூர் ஆர்மோனியம்.

மே 14

ஒருதரம் நாங்களும் நிதி வாங்கினோம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், மறுபடியும் அங்கேதான் போயாக வேண்டும்.

பணம் வந்தது. அப்புறம் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டார்கள். செலவுக்கெல்லாம் ரசீது வேண்டுமாம், ஜிஎஸ்டி எண்ணோடு. கதம்பம் கட்டிக் கொடுத்த ஆயாவிடம் ஜிஎஸ்டி எண் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றது.

தூண்தான் பெரிய பாடு. நாங்கள் மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, மேலே காகிதம் ஒட்டி, செங்கல் மாதிரி வர்ணம் அடிப்போம். விடியற்காலையில் இரணியன் கதையால் அடிக்க, தூண் பிளந்து நரசிம்மர் வெளியே வருவார். பிளக்காவிட்டால் நாடகம் முடியாது. அந்தத் தூணைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். அடுத்த தடவை ஆய்வுக்கு வந்தவர், "போன முறை வாங்கிய தூண் எங்கே?" என்றார். உடைந்துவிட்டது சார் என்றேன். "ஒரு வருடம்கூடத் தாங்காத பொருளை ஏன் வாங்கினீர்கள்?" என்று குறிப்பு எழுதிவிட்டார். அந்தக் குறிப்புக்கு என்ன விளக்கம் கொடுப்பது என்று ஊர்க் கூட்டத்தில் பேசினோம். "அடிச்சவன் மேல போடுங்க" என்றார் பெரியவர் ஒருவர்.

அந்த அதிகாரியும் கெட்டவர் இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் படிவம் நாற்காலி வாங்குவதற்குப் போட்ட படிவம்.

மே 17

தூண் கதைக்குச் சிரித்தவர்களுக்கு நன்றி. கணக்கு கேட்பதே தப்பு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். கேட்கிற கேள்வி ஆட்டத்துக்குப் பொருந்த வேண்டும். எத்தனை பையன்கள் புதிதாகக் கற்றார்கள், யார் சொல்லிக் கொடுத்தார், போன வருடம் சேவகன் வேஷம் போட்டவன் இந்த வருடம் என்ன வேஷத்துக்குத் தேறினான், இப்படிக் கேட்டால் நான் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்கிறேன். தகுதியுள்ள ஆள் செய்கிறானா என்று சோழன் கேட்டது இதைத்தானே (மே 8 பார்க்க).

மே 20

ராஜா போனபிறகு என்ன ஆயிற்று என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். சுருக்கமாகச் சொல்கிறேன் அம்மா.

1855இல் சிவாஜி ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனி தஞ்சாவூர்ப் பட்டத்தை எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னாலேயே வித்வான்கள் நகர ஆரம்பித்துவிட்டார்கள். தஞ்சை நால்வரில் வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளிடம் போனார். பட்டம் போனபிறகு மடங்களும் ஜமீன்களும் தாங்கின. திருவாவடுதுறை ஆதீனம் இல்லாவிட்டால் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ஆதீன வித்வான் ஆகியிருக்க முடியாது. அப்புறம் சென்னை சபாக்கள், ரெயில் ஏறிப் போனார்கள்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டியது யார்? அரசாங்கமும் இல்லை, மிராசுதாரும் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொத்தை விற்று. பெண்களை அந்த ஆராதனையில் பாட விடாத காலத்தில் அந்த அம்மாள் செய்த காரியம். இன்றைக்கு பஞ்சரத்ன கீர்த்தனையை நேரலையில் கேட்கிறவர்கள் அந்த அம்மாள் சிலைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

மே 21

நிதி வேண்டாம் என்று அரசனுக்கே சொன்னவர் தியாகராஜர் என்ற வழக்கமான வாதம் வந்துவிட்டது. சரபோஜி அழைத்தபோது, செல்வமா பெரிய சுகம் என்று கேட்கிற 'நிதி சால சுகமா' கீர்த்தனையைப் பாடியதாகக் கதை. அவருக்குப் பாடிக்கொண்டே வீடு வீடாக அரிசி வாங்கும் உஞ்சவிருத்தி போதும். தவில்காரருக்குத் தோல் மாற்ற வேண்டும், மூன்று பிள்ளைகள், பைக்குக்குத் தவணை. மகானை அளவுகோலாக வைத்து மற்றவன் வயிற்றைக் கட்டாதீர்கள்.

மே 26

கோயில் நாகஸ்வரத்துக்கு வருகிறேன். கேட்ட தம்பி காணாமல் போய்விட்டாலும் நான் விடுவதாக இல்லை.

என் சின்ன வயதில் எங்கள் பக்கத்துக் கோயிலில் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம். மேளக்காரர் மானியம் என்று நிலம் இருந்தது. 1963இல் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு அந்தச் சங்கதி மாறிவிட்டது. நிலத்துக்குப் பதில் சம்பளம், சம்பளம் நிலத்தைவிடச் சிறிசு. பெரியவர் இறந்தபிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இப்போது அர்த்த மண்டபத்துக்கு வெளியே ஒரு மின்சார மேளம்: மோட்டார், இரண்டு குச்சி, ஒரு மணி. தீபாராதனைக்கு குருக்கள் சுவிட்சைப் போடுகிறார். எந்தச் சாமிக்கும் எந்த வேளைக்கும் ஒரே சத்தம். காலையில் பூபாளம், சாயரட்சையில் பூர்விகல்யாணி, பள்ளியறையில் நீலாம்பரி என்று ராகத்திலேயே மணி சொன்ன இடம் அது. மின்வெட்டு நேரத்தில்தான் கோயில் கொஞ்சம் கோயிலாக இருக்கிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் கற்றுக்கொடுக்கிறது அரசாங்கம். இன்னொரு பக்கம் அறநிலையத் துறைக் கோயிலில் அந்த வேலை காலியாகக் கிடக்கிறது. இரண்டும் ஒரே கோட்டைக்குள் இருக்கிற துறைகள். வாய்க்காலை இந்த ஊரிலும் வயலை அந்த ஊரிலும் வைத்திருக்கிறோம்.

மே 27

"கல்யாணத்தில் நல்ல காசு வருகிறதே, கோயில் வேலை எதற்கு?"

வருகிறது, பெரிய செட்டுக்கு வருகிறது. முகூர்த்த மாதத்தில் நல்ல தவில் கிடைப்பதே பாடு. ஆனால் கல்யாணத்தில் ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனை, கெட்டிமேளம், அப்புறம் சினிமாப் பாட்டு. ராக ஆலாபனையைத் தொடங்கினால் மாப்பிள்ளை வீட்டார் மைக்கைக் குறைக்கச் சொல்வார்கள். மல்லாரியை முழுசாக வாசிக்கச் சாமி புறப்பாடு வேண்டும். சாமிக்கு அவசரம் கிடையாது, விடிய விடிய வாசிக்கலாம். அங்கே கற்ற கைதான் கல்யாணத்திலும் பேசும்.

ஜூன் 1

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் பிரயோஜனம் உண்டா என்று கேள்வி. 2022இல் கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு அதற்கு முன்பே. குறியீடு பெயரைக் காக்கும், சோறு போடாது. பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தகவல் கிடைத்தால் ஆச்சா மர உத்திரத்துக்காக ஓடுகிறார்கள் அங்கே செய்பவர்கள். நன்றாகக் காய்ந்த பழைய மரம்தான் நாகஸ்வரத்துக்கு ஆகும். வாங்கி இழைத்துக் கடைந்து வைத்தபிறகு வாங்க ஆள் வேண்டும். வாசிக்கிறவன் குறைந்தால் கடைகிறவன் என்ன செய்வான்? தையல்காரனுக்கும் பங்கு கொடுத்தவனை மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 4

கேரளத்தைப் பார் என்கிறார் ஒருவர். பார்க்கத்தான் வேண்டும். அங்கத்திய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தை மனிதகுலப் பாரம்பரியம் என்று 2001இல் யுனெஸ்கோ அறிவித்தபிறகு, 2007இல் சங்கீத நாடக அகாடமி திருவனந்தபுரத்தில் அதற்கென்று தனி மையமே வைத்தது. குருவுக்கும் கற்கிறவருக்கும் மாதாமாதம் பணம் போகிற ஏற்பாடு. நம் தென்னகப் பண்பாட்டு மையத்திலும் குரு சிஷ்ய பயிற்சித் திட்டம் உண்டு. குருவுக்கு மாதம் ரூ.7,500, பக்கவாத்தியத்துக்கு ரூ.3,750, மாணவருக்கு ரூ.1,500. யோசனை சரியான யோசனை. ஒரு வருடத்தில் முடித்துக்கொள்வதுதான் தொல்லை. ஒரு வருடத்தில் தவிலில் கை திரும்பும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். 2022இல் லண்டனின் ஆங்கிலத் தேசிய ஓபராவுக்கு வந்துகொண்டிருந்த மானியத்தை இங்கிலாந்து கலைக் கழகம் நிறுத்தி, லண்டனை விட்டு வெளியே போனால் பார்க்கலாம் என்றது. சம்பளத்தை வருடாந்திர உத்தரவில் தொங்கவிட்டால் எந்த ஊரிலும் இதுதான்.

ஜூன் 9

ஒரு கோடி கொடுத்தால் என்ன செய்வீர் என்று சவால். விழா நடத்த மாட்டேன். டெல்டாவில் கூட்டம் வருகிற பத்துப் பன்னிரண்டு கோயிலில் நாகஸ்வரம், தவில் இடங்களைச் சோதனை வைத்து நிரப்பி, ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதுவேன். எந்த ஜாதிப் பிள்ளையானாலும், பெண்ணானாலும். பணம் எத்தனை வருடம் வரும் என்று சண்டை போடாதீர்கள், கோடி கொடுத்தது நீங்கள்.

நாடகக் குழுவுக்குப் பணமாக வேண்டாம். ஒத்திகைக்கு ஒரு கூரை, ஒரு வாத்தியார் சம்பளம். தூண் நாங்கள் செய்துகொள்கிறோம்.

ஜூன் 14

மாவட்ட இசைப்பள்ளியில் சேர்வது எப்படி என்று தனியாகக் கேட்டவருக்கு: வயது 12 முதல் 25. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் உண்டு. நாகஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்பு. மூன்று வருடம். கட்டணம் ரொம்பச் சொற்பம்.

என் அண்ணன் பேரனைத் தவிலில் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனுக்கு நல்ல லயம், சோற்றுத் தட்டைக்கூட விட்டுவைப்பதில்லை. அவன் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "படிச்சு முடிச்சா கோயில்ல வேலை போடுவாங்களா மாமா?" இடம் காலியாக இருக்கிறது, போடுவார்களா என்று என்னால் சொல்ல முடியாது என்றேன்.

வயலின் வகுப்பில் சேர்த்திருக்கிறாள்.